கேப்டன் சார் கூப்பிட்ட மாதிரி

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்த ரோடு பாத்துப் பாத்துப் புளிச்சுப் போச்சு. வாந்தி வர்ற ஆளா? வந்தா சொல்லுங்க, பையில எலுமிச்சம்பழம் இருக்கு. என் பொண்டாட்டி போட்டு விட்டா. எனக்கு வாந்தியே வராது, அது அவளுக்கும் தெரியும். சும்மா அனுப்ப மனசு வரலன்னு ஒரு எலுமிச்சம்பழம்.

எது? அதோ பச்சையா சரிஞ்சு போகுதே, அதுவா? பார்க் இல்ல தம்பி. அது கோல்ஃப் கிளப்பு. ஆடு மாடு விடமாட்டாங்க. காட்டெருமை மட்டும் வரும், அதுகிட்ட போய் மெம்பர் கார்டு கேக்க எவனுக்கும் தைரியமில்ல. நான் அங்கதான் கேடி. பெரிய மனுசங்க பந்தை அடிச்சுட்டு வெறுங்கையோட நடப்பாங்க, பின்னாடி அவங்க மட்டைப் பையைத் தூக்கிட்டு நடக்குற ஆளு. பேரு பெஞ்சமின். பேரைச் சொன்னா தெரியாது, ரேடியோன்னு கேளுங்க, கிளப்பு நாய்கூட வழி காட்டும். ஏன் ரேடியோன்னா, எனக்கு எல்லார் குரலும் வரும். இதோ கண்டக்டர் இப்ப வருவாரு பாருங்க, "உள்ள போங்க உள்ள போங்க, உள்ள கல்யாண மண்டபம் காலியா கெடக்கு"ம்பாரு. கேட்டீங்களா? அவரே சொன்னாரா நான் சொன்னேனா? நான்தான். அவரு இன்னும் வாயைத் தொறக்கல.

இப்ப எங்க போறேன்னா, கோயம்புத்தூருக்கு. மகளைப் பாக்க. பெனிட்டா. கண்ணாடிக் கடையில வேலை, மூக்குக் கண்ணாடி. அவளை மேல கூட்டிட்டு வரணும். கிளப்புல புதுசா ஒரு செக்ரட்டரி வந்திருக்காரு, சின்ன வயசு. அவரு சொல்றாரு, நின்னுபோன ஜூனியர் லீகை, அதான் பிள்ளைங்க கோல்ஃப் போட்டியை, இந்த மே மாசம் மறுபடி நடத்தப் போறோம், உங்க பொண்ணு வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும், கேட்டுட்டு வாங்கன்னு. அவ வந்தான்னா எனக்கும் ஒரு வழி பொறக்கும். இப்ப என்னை கிளப்பு கேட்டுக்கு வெளியதானே நிக்க வச்சிருக்காங்க. ஆனா ஒரு சிக்கல். அவ எங்கிட்ட பேசுறதில்ல. லீகு நின்ன வருசத்துலேர்ந்து. எல்லாம் அந்த கேப்டன் பண்ண வேலை.

கேப்டன்னா மிலிட்டரி கேப்டன் இல்ல, கிளப்பு கேப்டன். தேவய்யா சார். குடகுக்காரரு, எஸ்டேட்டு ஓனரு. அவருதான் லீகையே ஆரம்பிச்சாரு, அவராலதான் நின்னுச்சு. லீகுன்னா என்ன, பெருசா ஒண்ணுமில்ல. அவரு பேரன் லீவுக்கு வந்து தனியா பந்தடிச்சு தனியா சண்டை போட்டுக்கிட்டு இருந்தான். மலையில மூணு கிளப்பு. எங்களுது, சில்வர் ஓக், அப்பறம் டேம் பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பேரே டேம் கிளப்புதான். கேப்டன் சார் மத்த ரெண்டு கிளப்புக்கும் போன் போட்டாரு. "என்னப்பா, உங்க பிள்ளைங்க எல்லாம் வீட்டுல உக்காந்து டிவி தின்னுதா? அனுப்புங்கப்பா, ஆடட்டும்!" அவரு தமிழ் அப்படித்தான். டிவி பாக்கும்னு வராது, தின்னும்னுதான் வரும்.

ஒவ்வொரு கிளப்புக்கும் ஆறு பிள்ளைங்க வேணும். மெம்பர் வீட்டுப் பிள்ளைங்க எண்ணிப் பாத்தா நாலு தேறல. ஒண்ணு பியானோ கிளாஸுக்குப் போகுது, ஒண்ணுக்கு புல்லு ஒத்துக்காது, தும்மும். அப்பத்தான் கேப்டன் சார் கேடிங்க குடியிருக்குற லைனுக்கு வந்து நின்னாரு. எங்க வீட்டுப் பிள்ளைங்க சும்மா கெடந்த குச்சியெல்லாம் வச்சு அடிச்சுக்கிட்டே வளந்ததுங்க. ஆளு கொறையுது, வாங்கன்னாரு. அப்படித்தான் என் மக உள்ள போனா. ஆளு கொறைஞ்ச எடத்துல போய் நின்னவதான், அதுக்கப்பறம் அவளைத் தள்ள ஒருத்தனாலயும் முடியல.

மொத வருசம் ஒரு கூத்து. மத்தியானச் சாப்பாட்டுக்கு மெம்பர் பிள்ளைங்களுக்கு டைனிங் ஹாலுல சாண்ட்விச்சு, எங்க பிள்ளைங்களுக்கு மட்டைப் பை வைக்கிற பேக் ஷெட்டுல லெமன் சாதம். சாண்ட்விச்சுப் பிள்ளைங்க எல்லாம் தட்டைத் தூக்கிட்டு ஷெட்டுக்கு வந்துருச்சுங்க, லெமன் சாதம்தான் வேணும்னு. ஹாலுல பரிமாறுற பேரரு மட்டும் தனியா நிக்கிறாரு! மறு வருசம் கேப்டன் சார் கத்துன கத்துல எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே லெமன் சாதம். நல்ல மனுசன்தான் அப்பெல்லாம். இல்லன்னு சொல்லல.

பெனிட்டாவுக்கு அவருன்னா உசுரு. அவரு பேத்தியோட பழைய ஷூவைக் குடுத்தாரு, அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடந்தா. "கண்ணு பந்துமேல வைம்மா. பந்து ஓடாது, நீ ஓடாம இரு"ம்பாரு. அதை வந்து எங்கிட்டச் சொல்லுவா, ஏதோ பைபிள் வசனம் மாதிரி. நான் ஒண்ணு சொல்லட்டுமா, நான் பெனிட்டான்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. அதே நான் கேப்டன் சார் குரல்ல "பெனிட்டா, கம் ஹியர்!"னேன்னு வைங்க, "எஸ் சார்"னு ஓடி வருவா. வந்து பாத்தா அப்பன். பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பேன். அவளுக்கு முகம் ஒரு மாதிரி போகும். அப்பறம் எனக்கு அதுவே பழகிப் போச்சு. சாப்பிடக் கூப்பிட, தண்ணி எடுத்துட்டு வரச் சொல்ல, எல்லாத்துக்கும் கேப்டன் சார் குரல்தான். சீக்கிரமா வேலை நடக்குதே. என் பொண்டாட்டி ரோசாலிதான் சலிச்சுக்குவா, "வீட்டுக்குள்ள அந்தாளு வேற எதுக்கு?"ன்னு. நல்லா பண்றேன்னு அவளுக்குப் பொறாமை.

அட, பிரேக்கைப் பாருங்க. வளைவு வரும்போதெல்லாம் இந்த டிரைவர் சாமி கும்பிடுறாரு. கும்பிடட்டும், ஆனா ஸ்டியரிங்கை ஒரு கையாலயாவது பிடிக்கணுமில்ல?

இப்ப ஆட்டத்தைச் சொல்றேன், கேளுங்க, அப்பத்தான் வெவகாரம் புரியும். லீகுல ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. ஒரு குழியில யாரு கம்மி அடியில பந்தைப் போடுறாங்களோ, அந்தக் குழி அவங்களுது. யாருக்கு நெறைய குழியோ, அவங்களுக்கு ஆட்டம். ஆடிக்கிட்டு இருக்கும்போது பந்தைக் கையில எடுத்துட்டா அந்தக் குழியை விட்டுக் குடுத்ததா அர்த்தம். அழுதாலும் பெரண்டாலும் அவ்வளவுதான். ஒண்ணுக்கு மட்டும் சலுகை. மிஸ்ட், அதான் மூடுபனி, எறங்கிடுச்சுன்னா எங்க மலையில உங்க கையையே நீங்க பாக்க முடியாது, பிள்ளைங்க அடிக்கிற பந்து எவன் மண்டையில போய் விழும்னு தெரியாது. அப்ப ஆட்டத்தை நிறுத்தணும். நிறுத்துனா எல்லாரும் பந்தை எடுத்துட்டு வந்துரலாம், அந்தக் குழி கணக்குல வராது, மிஸ்ட் போனதும் மறுபடி ஆடிக்கலாம்.

நிறுத்துறதுக்கு மொதல்ல சங்குதான் இருந்துச்சு. அந்தச் சங்கு கேக்குறதுக்கு அப்படியே பக்கத்து டீ ஃபாக்டரி சங்கு மாதிரி. இவங்க ஊதுனதும் அங்க கொழுந்து கிள்ளுற பொம்பளைங்க எல்லாம் கூடையை எறக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க! எஸ்டேட்டு மேனேஜர் வந்து குதிச்சாரு. சரின்னு சங்கை நிறுத்திட்டு, கேப்டன் சார் தொண்டையையே சங்கா வச்சுக்கிட்டாங்க. அவருக்கு இரும்புத் தொண்டை. "பிக் அப், சில்ட்ரன்! பிக் அப்! கம் இன்!" அவ்வளவுதான். அது கேட்டா எங்க இருந்தாலும் பந்தை எடுத்துட்டு வந்துரணும். மூணு கிளப்புக்கும் அதுதான் சட்டம். எங்கயாவது உண்டா இப்படி? எங்க மலையில உண்டு.

அந்தக் கடைசி வருசம். ஃபைனல், எங்களுக்கும் சில்வர் ஓக்குக்கும். எங்க கிளப்பு கிரவுண்டுலதான். மத்த ஜோடியெல்லாம் ஆடி முடிச்சு, அதுல ஒண்ணு சமமாப் போய், ரெண்டு கிளப்பும் சமம். கடைசி ஜோடி பெனிட்டாவும் நிகில்னு ஒரு பையனும். அவங்களும் சமம். கடைசிக் குழி. அதை யாரு எடுக்குறாங்களோ அவங்க கிளப்புக்குக் கப்பு. ஜெயிக்கிற பிள்ளையை பெங்களூருல பெரிய கோச்சுகிட்ட அனுப்பி வைக்கிறேன்னு கேப்டன் சார் சொல்லியிருந்தாரு, அவரு செலவுல. பெனிட்டா ராத்திரி எல்லாம் பெங்களூரு பேரைச் சொல்லிக்கிட்டே தூங்குனா.

பெத்தவங்க யாரும் கிரவுண்டுல நடக்கக் கூடாது, அது ரூலு. நான் பேக் ஷெட்டுல இருந்தேன். காலையில கெளம்பும்போது பெனிட்டா எங்கிட்ட, "அப்பா, இன்னிக்கு மேட்ச் முடியுற வரைக்கும் மட்டும் கேப்டன் சாரைப் பண்ணாதீங்கப்பா"ன்னா. சரிம்மா தாயேன்னேன். பண்ணவும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் வாயையே தொறக்கல, கொட்டாவி விடக்கூட பயந்துக்கிட்டு இருந்தேன். அப்பறம் மிஸ்ட் எறங்குச்சு. ஆடி முடிச்ச பிள்ளைங்க எல்லாம் ஷெட்டுக்குள்ள வந்து நடுங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. எதிர்ல இருக்குற மரமே தெரியல. இதுல எவன் ஆடுவான்? முடிஞ்சிருக்கும்னுதானே நெனைப்போம்? நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

பிள்ளைங்க சும்மா இருக்குமா? "ரேடியோ அங்கிள், குருவில்லா அங்கிளைப் பண்ணுங்க!" குருவில்லா சாருன்னா சில்வர் ஓக் செக்ரட்டரி, மலையாளி. பண்ணேன். "எடோ பெஞ்சமினே, ரூல் ஈஸ் ரூல்! அதில் ஸ்நேகம் இல்லா!" ஷெட்டே அதிருது. "டேம் கிளப்பு மேடத்தைப் பண்ணுங்க!" பண்ணேன். அப்பறம் எல்லாம் சேந்து மேசையைத் தட்டுதுங்க, "கேப்டன்! கேப்டன்! கேப்டன்!"னு. குளிர்ல நீலம் பாரிச்சுப் போன பிள்ளைங்க தம்பி, பாவமா இருந்துச்சு. எழுந்து வாசல்ல நின்னேன். மிஸ்டுக்குள்ள பாத்து, நெஞ்சை நிமித்தி, ஒரே ஒரு தடவை.

"பிக் அப், சில்ட்ரன்! பிக் அப்! கம் இன்!"

சத்தியமா சொல்றேன், அன்னிக்கு அமைஞ்ச மாதிரி அதுக்கு முன்னாடியும் அமைஞ்சதில்ல, பின்னாடியும் அமைஞ்சதில்ல. மிஸ்டுல குரல் நல்லாப் போகும். மலை அதை வாங்கித் திருப்பிக் குடுத்துச்சு. எனக்கே ஒரு நிமிசம் கேப்டன் சார் எங்கயோ நிக்கிறாருன்னு தோணுச்சு.

நிகிலுக்குப் பை தூக்குன மாதையா அப்பறம் வந்து சொன்னான். அங்க ஆட்டம் முடியல. பெனிட்டா பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்துல கெடக்குது. நிகில் பந்து மணல் பள்ளத்துல. அவ தட்டுனா உள்ள, அவ்வளவுதான். அப்பத்தான் குரல் கேக்குது. ஒழுங்கான பிள்ளை, குனிஞ்சு பந்தை எடுத்துட்டா. எடுத்து நிமிந்தா, பக்கத்துலயே கேப்டன் சார் நிக்கிறாரு. மிஸ்டுக்குள்ள, கைத்தடியை ஊணிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு. இன்னும் ரெண்டு அடிதானேன்னு நிறுத்தாம, ஆட்டத்தைப் பாக்க அங்கயே வந்து நின்னிருக்காரு மனுசன். அவரு வாயும் தொறக்கல, அவரு குரலும் கேட்டுச்சு. மாதையா சொல்றான், "அந்தாளு மூஞ்சியைப் பாக்கணுமேடா ரேடியோ, செத்துப்போனவன் தன் குரலைக் கேட்ட மாதிரி நின்னாரு"ன்னு.

குருவில்லா சார் ஓடி வந்தாரு. பந்தை எடுத்தாச்சு, கேப்டன் நிறுத்தச் சொல்லல, அப்ப குழி எங்களுதுன்னாரு. கேப்டன் சார் பெனிட்டாகிட்டக் கேட்டாரு, "யாரும்மா பிக் அப் சொன்னாங்க? நீ யாரு குரல் கேட்ட?"

இங்கதான் தம்பி எனக்கு வயிறு எரியுது. அவ என்ன சொல்லியிருக்கணும்? உங்க குரல்தான் சார் கேட்டேன்னு சொல்லியிருக்கணும். ஷெட்டுப் பக்கம் கையை நீட்டியிருந்தாக்கூடப் போதும். கேப்டன் சார் அந்தக் குழியை மறுபடி ஆடுங்கன்னு சொல்லியிருப்பாரு. இவ ஷெட்டுப் பக்கம் ஒரு தடவை பாத்தாளாம். அப்பறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "யாரும் சொல்லல சார். நானாத்தான் எடுத்துட்டேன்"னாளாம். பயந்தாங்கொள்ளி. பெரிய மனுசங்க முன்னாடி வாயே வராது அவளுக்கு. அந்த விசயத்துல என்னை மாதிரி இல்ல.

அவரு ரெண்டாந்தடவையும் கேட்டாராம். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா"ன்னு. அதே பதில். சரின்னு சொல்லி, சொந்தக் கிளப்புக்கு எதிரா, குழி சில்வர் ஓக்குக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. இது ஞாயமா? அவருக்குக் காது இல்லையா? தன் குரல் தனக்கே கேட்டிருக்குல்ல?

நான் போய்ச் சொல்லியிருக்கலாமேங்குறீங்களா? எங்க தம்பி சொல்ல? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, கைகுலுக்கி, பிள்ளைங்களுக்கு டீ வந்து, பிஸ்கட் வந்து, ஒரே சத்தம். கேப்டன் சாரே ஷெட்டுக்கு வந்தாரு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு என் முன்னாடி நின்னாரு. "பெஞ்சமின், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"ன்னாரு. இல்ல சார்னேன். "உன் பொண்ணு ரொம்பப் பெரிய ஆளுப்பா"ன்னுட்டுப் போயிட்டாரு. தோத்துட்டு வந்த பிள்ளையைப் போய்ப் பெரிய ஆளுங்குறாரு! பாத்தீங்களா குத்தலை? மறுநாள்லேர்ந்து அவரு பையை மாதையாகிட்டக் குடுத்துட்டாரு. என்னைக் கூப்பிடவே இல்ல. என்ன தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்தை கெடையாது.

அப்பறம் கமிட்டி கூடுச்சு. சொந்தக் கிளப்பைத் தோக்கடிச்ச கேப்டன் எங்களுக்கு வேணாம்னு மெம்பருங்க. கேடி பிள்ளைங்களுக்கு ரூலு தெரியல, அதுங்களை ஏன் சேக்கணும்னு ஒரு அம்மா. கேப்டன் சார், என் பேரைக் கூடச் சொல்லல தெரியுமா, கைத்தடியை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாரு, குடகுக்கே. மறு வருசம் எங்க பிள்ளைங்க இல்லாம ஆறு பேரு தேறல. சில்வர் ஓக்குலயும் தேறல. லீகு அதோட போச்சு. ஓடிப்போறவரு லீகை ஒழுங்கா யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கணுமில்ல? எல்லாம் அவரால.

வீட்டுக்கு வந்து பெனிட்டா ஷூவைத் தொடச்சு கட்டிலுக்கடியில வச்சா. நான் அவளைச் சிரிக்க வைக்கலாம்னு, கேப்டன் சார் குரல்ல, "பெனிட்டா, டோன்ட் க்ரை!"ன்னேன். அவ அழவே இல்ல, பாருங்க. அப்பறம் எங்கிட்டப் பேசவும் இல்ல. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட கீழ எறங்கிட்டா. ரோசாலி மட்டும் போயிட்டுப் போயிட்டு வருவா. போனா நாலு நாள் தங்குவா. நானும் வரேன்னா, "அடுத்த தடவை பாக்கலாம்"பா.

எனக்கு என்னமோ அலுப்பா இருக்கு தம்பி. முன்ன மாதிரி தொண்டையும் இல்ல, பை தூக்க யாரும் கூப்பிடுறதும் இல்ல. கேட்டுக்கு வெளிய நின்னு டூரிஸ்டுக்காரங்களுக்குக் குரங்கு மாதிரி குரல் பண்ணிக் காட்டுறேன். சிரிக்கிறாங்க, காரைக் கெளப்பிட்டுப் போயிடுறாங்க. இந்த லீகு மறுபடி வந்துச்சுன்னா, ஷெட்டுல பிள்ளைங்க இருக்கும். அதான்.

ஒரு ஒதவி பண்ணுங்க. உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. வீட்டுல இருப்பாளான்னு மட்டும் கேட்டுக்குறேன், அப்பறம் நேர்ல போய்ப் பேசிக்கலாம். என் குரல்லயா? என் குரல்ல பேசுனா கட் பண்ணிடுவா. அதுல அப்படி என்ன இருக்கு, கேக்குற மாதிரி? ஈ.பி.காரன் குரல் போடுறேன் பாருங்க, மூக்கால பேசுவான். ஸ்பீக்கர்ல போடுங்க, நீங்களும் கேளுங்க. ரிங் போகுது. சிரிச்சுறாதீங்க.

"ஹலோ, மேடம், ஈ.பி.லேர்ந்து பேசுறோம். மேடம், மீட்டர் ரீடிங் எடுக்க மத்தியானமா வரோம். வீட்ல இருப்பீங்களா?"

"..."

"ஹலோ? மேடம்? கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. நான் இருக்க மாட்டேன். மீட்டர் வாசல்லயேதான் இருக்கு, பாத்துக்கலாம்."

"இல்ல மேடம், நீங்க இருந்தீங்கன்னா ஒரு கையெழுத்து..."

"இருக்க மாட்டேங்க. கீழ் வீட்டு அக்காகிட்டச் சாப்பாடு குடுத்துட்டுப் போறேன். சாப்பிட்டுட்டுப் போங்க. வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிடுங்க, மேல போகப் போகக் குளிரும். வச்சுடுறேன்."

பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி! கண்டே பிடிக்கல! பெத்த பொண்ணு, இத்தனை வருசம் என் வீட்டுல வளந்தவ, ஏமாந்துட்டா. ஈ.பி.காரனுக்கு எவ சோறு போடுவா சொல்லுங்க, அதுவும் முகம் தெரியாத ஆளுக்கு? மனசு அப்படி, அவங்க அம்மா மாதிரி. இந்தாங்க உங்க போனு.

ஏன் தம்பி, சிரிக்கவே மாட்டேங்குறீங்க? குரல் சரியா வரலையா?